நாளைக்குப் பார்ப்போம்



திருத்தூதர் பணிகள் 24ஆம் அதிகாரத்தில் பெலிக்ஸ் என்றொரு தேசாதிபதி வருகிறான். உரோமைப் பேரரசின் பெயரால் யூதேயாவை ஆண்டவன். செசரேயா பட்டணத்தில் அவனுடைய காவலில் புனித சின்னப்பர் கைதியாக இருந்தார். ஒருநாள் பெலிக்ஸ் தன் மனைவி துருசில்லாளோடு வந்து அமர்ந்து, கைதியை அழைத்துப் பேசச் சொன்னான். சின்னப்பர் ஆளுகிறவன் காதுக்கு இனிக்கும் பேச்சுப் பேசவில்லை. நீதியைப் பற்றிப் பேசினார். தன்னடக்கத்தைப் பற்றிப் பேசினார். வரவிருக்கும் தீர்ப்பைப் பற்றிப் பேசினார். தேசாதிபதிக்கு நெஞ்சு நடுங்கியது.

ஒரு மனிதன் மனந்திரும்புவதற்கு வேண்டிய அத்தனையும் அந்த மண்டபத்தில் கூடி வந்திருந்தன. போதகர் எதிரில் நிற்கிறார். உண்மை உறைத்துவிட்டது. அச்சமும் பிறந்துவிட்டது. அவன் சின்னப்பரை அடிக்கவில்லை, ஏசவில்லை, அவர் சொன்னது பொய் என்று மறுக்கவும் இல்லை. இப்போதைக்குப் போகலாம் என்றும், வசதியான நேரம் கிடைக்கும்போது ஆளனுப்பி அழைப்பதாகவும் சொன்னான். அவ்வளவுதான்.

அதன்பின் அவன் அவரைப் பலமுறை அழைத்துப் பேசினான் என்பதையும் திருநூல் சொல்லுகிறது. ஆனால் எதற்காக? கைதியிடமிருந்து கைக்கூலி ஏதும் வருமா என்ற எதிர்பார்ப்பில். ஆளனுப்பினான், பேசினான், நடுக்கம் மட்டும் திரும்பி வரவில்லை. இரண்டு ஆண்டுகள் கழிந்தன. அவனுடைய இடத்துக்குப் பெஸ்துஸ் வந்தான். பெலிக்ஸ் பதவி விட்டுப் போகும்போது, யூதத் தலைவர்களின் மனம் குளிரட்டும் என்று சின்னப்பரை விலங்கோடேயே விட்டுப் போனான்.

காலந்தாழ்த்தலைப் பற்றிப் பிரசங்கம் வைப்பவர்கள் பெலிக்ஸின் ஆன்மாவைப் பற்றித்தான் பேசுவார்கள். பேச வேண்டியதுதான். ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளையும் யார் சுமந்தார் என்று பாருங்கள். தள்ளிப் போட்டவன் மாளிகையில் இருந்தான்; தள்ளிப்போடப்பட்டவர் விலங்கில் இருந்தார். நம்முடைய 'நாளைக்கு' என்ற சொல்லுக்கு வட்டி கட்டுகிறவர் பெரும்பாலும் நாமல்ல. நம் மனைவி, நம் பிள்ளை, நம் மேசைக்கு முன்னால் கடதாசியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஏழை.

நம்மில் யாரும் 'செய்யமாட்டேன்' என்று சொல்வதில்லை. 'செய்யமாட்டேன்' என்றால் சண்டை வரும், மனச்சாட்சியும் விழித்துக்கொள்ளும். 'நாளைக்குச் செய்கிறேன்' என்றால் எல்லாரும் சமாதானமாகி விடுகிறார்கள், மனச்சாட்சி உட்பட. திராட்சைத் தோட்டத்துக்குப் போகச் சொன்ன தந்தையிடம் போகிறேன் ஐயா என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போகாமலே இருந்த மகனை நினைத்துப் பாருங்கள். அவன் தந்தையை எதிர்த்தவனல்லன். நல்ல பிள்ளை என்று அன்று மாலை வரை பெயரும் இருந்திருக்கும். இந்தப் பத்திரிகைக்குக் கட்டுரை அனுப்புவதாக வாக்களிக்கும் அன்பர்களில் பலர் அந்த மகனுடைய வம்சம் என்பதை இங்கே அன்போடு சொல்லி வைக்கிறேன்.

இதற்கெல்லாம் காரணம் சோம்பல் என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். வள்ளுவரும் மடியின்மை அதிகாரத்திலே காலந்தாழ்த்தல், மறதி, சோம்பல், தூக்கம் ஆகிய நான்கையும் ஒரே வரிசையில் நிறுத்தி, கெட்டுப்போகிறவர்கள் விரும்பி ஏறும் மரக்கலம் அவை என்கிறார். ஆனாலும் கவனியுங்கள்: காலந்தாழ்த்தலையும் சோம்பலையும் அவர் ஒன்றாக்கவில்லை, தனித்தனியே எண்ணுகிறார். அதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. விடியற்காலையில் எழும்பிப் பெரட்டுக்குப் போய், கொழுந்துக் கூடையை முதுகில் சுமந்து மலையேறி, மாலையில் விறகு பொறுக்கிக்கொண்டு லயத்துக்குத் திரும்பும் ஒரு தாயைச் சோம்பேறி என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? அந்தத் தாய்தான், கச்சேரிக்குப் போகவேண்டிய ஒரு காரியத்தை எட்டு வருடமாகத் தள்ளிப் போடுகிறாள்.

ஒரே ஒரு தாலந்தை வாங்கிக்கொண்டு போய் மண்ணுக்குள் புதைத்த ஊழியனைக் கேளுங்கள். தலைவன் அவனைச் சோம்பேறி என்றான், உண்மைதான். ஆனால் அவன் தன் வாயால் சொன்ன காரணம் வேறு: பயந்துபோனேன் என்றான். தலைவன் கடுமையானவன், நட்டம் வந்தால் என்ன செய்வது என்ற பயம். பெலிக்ஸுக்கும் பயம். நமக்கும் அதே. கச்சேரிக்குப் போனால் அந்த உத்தியோகத்தர் என்ன மொழியில் பேசுவாரோ, நாம் சொன்னது அவருக்கு விளங்குமோ, எல்லார் முன்னாலும் கத்துவாரோ? ஐந்து வருடமாகப் பேசாத அண்ணனின் வாசலுக்குப் போனால் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் என்ன செய்வது? குடியை விட்டேன் என்று இன்றைக்குச் சொல்லிவிட்டு அடுத்த சம்பளத்தன்று விழுந்துவிட்டால் ஊர் சிரிக்குமே! ஆகையால் புனித அந்தோனியார் திருநாள் முடியட்டும். அது முடிந்ததும் மகளின் கலியாணம் முடியட்டும். அப்புறம் தபசுகாலம் வரட்டும், அப்போது ஒரேயடியாக விட்டுவிடலாம். தள்ளிப் போடுகிறவனுக்குத் திருவழிபாட்டுக் காலங்கள்கூட உதவி செய்கின்றன!

நோய் பயம் என்று தெரிந்தால் மருந்தும் வேறாகிறது. பயந்தவனைச் சோம்பேறி என்று திட்டினால் அவன் இன்னும் ஆழமாகத் தோண்டித் தாலந்தைப் புதைப்பான்.

இந்த மாத்தளை மலைநாட்டில் 'காலக்கெடு' என்ற சொல்லைக் கேட்டால் நம் மூத்தவர்களுக்கு நெஞ்சு திடுக்கிடும். அதற்குக் காரணம் உண்டு. அவர்களுடைய பாட்டன், பூட்டன் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை, நாலந்தா என்று கால்நடையாக மாத்தளைக்கு வந்து சேர்ந்தவர்கள். வழியில் கொள்ளைநோயில் மாண்டவர்கள் எத்தனையோ பேர். மாத்தளைக்கு 1880இல் ரயில் வந்தது. தலைமன்னார்ப் பாதை 1914இல்தான் திறந்தது. இந்த மலைகளில் காட்டை வெட்டிக் கோப்பியும், பிறகு தேயிலையும் றப்பரும் கொக்கோவும் வளர்த்தது அந்தக் கைகள். ஆனால் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த வருடம் வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம், விரும்புகிறவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று இரண்டு ஆண்டுக் கெடு வைத்தது. 1951 ஆகஸ்ட் 5ஆம் திகதி கடைசி நாள்.

அநியாயமான சட்டத்துக்கு விண்ணப்பிப்பதா என்று இலங்கை இந்தியக் காங்கிரஸ் முதலில் புறக்கணித்தது. அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. அதை நான் காலந்தாழ்த்தல் என்று சொல்லமாட்டேன். பிறகு அவர்கள் நிலைப்பாட்டை மாற்றி, விண்ணப்பியுங்கள் என்றபோது காலம் குறுகிவிட்டது. கலியாணமானவர்கள் 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன் ஏழு வருடம், கலியாணமாகாதவர்கள் பத்து வருடம் இந்த நாட்டில் தொடர்ந்து வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். எழுதப் படிக்க வாய்ப்பளிக்கப்படாத மக்கள், தகரப் பெட்டிகளைக் கவிழ்த்துத் துண்டும் சீட்டும் தேடினார்கள். சுமார் 237,000 விண்ணப்பங்கள், ஏறத்தாழ 825,000 பேருக்காகக் கொடுக்கப்பட்டன. மக்கள் சோம்பியிருக்கவில்லை என்பதற்கு இந்த எண்ணிக்கையே சாட்சி. அடுத்த பத்தாண்டுக்கு மேலாக அவற்றைப் பரிசீலித்து, அரசு பிரஜாவுரிமை வழங்கியதோ சுமார் 134,000 பேருக்கு மட்டுமே.

பிறகு 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. மனிதரைத் தலைக்கணக்கில் பங்கு பிரித்தார்கள். அதன்பின் 1986இல் ஒரு சட்டம், 1988இல் இன்னொன்று. கடைசியாக 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30ஆம் திகதி முதல் இங்கே நிலையாக வாழ்ந்துவந்த இந்திய வம்சாவளியினரையும் அவர்களுடைய சந்ததியாரையும் பிரஜைகளாக ஏற்றது. 1948இலிருந்து 2003 வரை ஐம்பத்தைந்து வருடங்கள்! ஒரு மனிதன் பிறந்து, உழைத்து, பிள்ளைகளைக் கரையேற்றி, ஓய்வு பெறும் காலம். அத்தனை காலமும் பெலிக்ஸ்கள் மாறி மாறி நாற்காலியில் அமர்ந்து, வசதியான நேரம் வரட்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இந்த வரலாற்றை ஏன் இங்கே சொல்லுகிறேன்? பெரியவர்களின் காலந்தாழ்த்தல் எத்தனை கொடியது என்பதைத் தன் உடம்பிலே அனுபவித்த ஒரு சமூகம், தன் பிள்ளைகளின் காரியத்திலே அதே வார்த்தையைச் சொல்லலாமா என்று கேட்பதற்காக. சட்டம் கதவைப் பூட்டியிருந்தபோது நம் முன்னோர் கதவைத் தட்டினார்கள். இன்று கதவு திறந்திருக்கிறது. நாம் வாசலில் உட்கார்ந்திருக்கிறோம்.

நம்முடைய புனித ஜோசப் வாஸ் அடிகளாரின் வாழ்வு இந்தக் காரியத்தில் எனக்கு மிகவும் பிடித்தமானது. ஏனென்றால் அவரும் காத்திருந்தவர். ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த பிறகு, இலங்கையின் கத்தோலிக்கருக்குக் குருக்கள் இல்லாமல் போயிற்று. கோவாவில் இருந்த இளங்குருவான வாஸ் அடிகளார் இதைக் கேள்விப்பட்டு, அங்கே போகவேண்டும் என்று துடித்தார். ஆனால் 1681இல் மேலதிகாரிகள் அவரைக் கன்னட நாட்டு மறைப்பணிக்கு அனுப்பினார்கள். கீழ்ப்படிந்து போனார். மூன்று ஆண்டுகள் அங்கே சிதறிக் கிடந்த மக்களைத் தேடித் தேடி மேய்த்தார். கோவாவுக்குத் திரும்பி ஓரற்றோரியன் சபைக் குருக்களோடு சேர்ந்தார். அவர்களுக்குத் தலைவரும் ஆனார். நம்மில் ஒருவராயிருந்தால், இலங்கை ஆசை அங்கேயே முடிந்திருக்கும். 'போக நினைத்தேன், பொறுப்பு வந்துவிட்டது' என்று வயோதிபத்தில் சொல்லிக்கொண்டிருப்போம். அவர் 1686இல் பொறுப்பை விட்டுப் புறப்பட்டார். கூலியாள் வேடத்தில் 1687இல் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கினார், அதுவும் கடும் நோயோடு.

காத்திருத்தல் வேறு, தள்ளிப்போடுதல் வேறு. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். காத்திருக்கிறவன் கையில் கிடைத்த வேலையைச் செய்துகொண்டே காத்திருக்கிறான். கதவு திறந்த நாளில் அவன் கால் தயாராயிருக்கும். தள்ளிப்போடுகிறவனோ கதவு திறந்துவிடக்கூடாதே என்று உள்ளூர வேண்டிக்கொண்டிருக்கிறான்.

அடிகளார் 1692இல் கண்டிக்கு வந்தபோது, போர்த்துக்கேய உளவாளி என்று சிறையிலிடப்பட்டார். சிறையிலும் 'விடுதலையான பின்பு பார்ப்போம்' என்று இருக்கவில்லை, சிங்களம் கற்றார். 1697இல் கண்டியில் பெரியம்மை பரவி, சொந்தக்காரர்களே நோயாளிகளைக் கைவிட்டு ஓடியபோது, அவர் வீடு வீடாகவும் காடு காடாகவும் போய்ப் பணிவிடை செய்தார். நம் மாத்தளை மாவட்டத்தில், கலேவெலைக்கு அண்மையில், வஹக்கோட்டை என்ற ஊரில் புனித அந்தோனியார் திருத்தலம் இருக்கிறதல்லவா? கண்டி அரசர்கள் குடியமர்த்திய போர்த்துக்கேயரின் வழித்தோன்றல்கள் அங்கே குருக்கள் இல்லாத காலத்திலும் விசுவாசத்தைப் பிடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள் என்பதும், வாஸ் அடிகளார் அவர்களைத் தேடி வந்தார் என்பதும் அவ்வூர் மரபு. அந்த மக்களின் காத்திருப்பையும் எண்ணிப் பாருங்கள். குருவானவர் வரட்டும், அதன்பிறகு செபிக்கலாம் என்று அவர்கள் இருந்திருந்தால், அவர் வந்தபோது அங்கே தேடுவதற்கு யாரும் இருந்திருக்கமாட்டார்கள்.

1711 ஜனவரி 16ஆம் திகதி கண்டியில் அடிகளார் உயிர்விட்டார். சாகுந்தறுவாயில், சூழநின்ற குருக்களுக்கு ஏதேனும் புத்திமதி சொல்லும்படி கேட்டார்களாம். வாழ்நாளெல்லாம் செய்யாமல் விட்டதை மரண வேளையில் செய்வது எளிதன்று என்ற கருத்தையே அவர் சொன்னார் என்று அவருடைய சரித்திரம் எழுதியவர்கள் குறித்திருக்கிறார்கள். 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது கூடிய பெருங்கூட்டத்தில் நம்மில் பலரும் இருந்தோம். அந்தக் கடைசிப் புத்திமதியை எத்தனை பேர் வீட்டுக்கு எடுத்துச் சென்றோமோ!

அவரை அடுத்து வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1705இல் இங்கு வந்தவர். ஒல்லாந்தரின் கண்ணுக்கு மறைந்து ஊர் ஊராய் அலைந்த ஒரு மனிதருக்குப் புத்தகம் எழுத ஏது நேரம், ஏது மேசை? ஆனால் தமிழிலும் சிங்களத்திலும் அத்தனை நூல்களை எழுதினார். தபசுகாலத்தில் நாம் வாசிக்கும் வியாகுலப் பிரசங்கம் அவர் எழுதியது. வசதியான நேரம் வரட்டும் என்று அவர் இருந்திருந்தால், நமக்குப் பெரிய வெள்ளியன்று வாசிக்க வேறு புத்தகம் தேட வேண்டியிருக்கும்.

சரி, பயத்துக்கு மருந்து என்ன? புனிதர்களைச் சொன்னால், 'அவர்கள் புனிதர்கள், நாங்கள் மனிதர்கள் சாமி' என்று சொல்லித் தப்பிவிடுகிறீர்கள். ஆகவே நெகேமியாவின் நூலுக்கு வருகிறேன். எருசலேமின் மதில் இடிந்து, வாசல்கள் எரிந்து, நெடுங்காலம் கிடந்தது. மதிலைக் கட்டவேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். முழு மதிலையும் பார்த்தவனுக்குக் கை ஓடாது. நெகேமியா வந்து, இரவில் சத்தமின்றி மதிலைச் சுற்றிப் பார்த்துக் கணக்கெடுத்தான். பிறகு பங்கு பிரித்தான். 3ஆம் அதிகாரத்தைப் பொறுமையாக வாசியுங்கள். வெறும் பெயர்ப் பட்டியல் என்று தாண்டிப் போகாதீர்கள். இன்னார் இந்த வாசலை, இன்னார் அந்தக் கொத்தளத்தை என்று போய்க்கொண்டிருக்கும். நடுவிலே பலரைப் பற்றி, அவர்கள் தங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த பகுதியைக் கட்டினார்கள் என்று வரும். ஐம்பத்திரண்டு நாட்களில் மதில் முடிந்தது. தலைமுறைகளாகக் கிடந்த வேலை, ஐம்பத்திரண்டே நாள்!

உங்கள் வீட்டுக்கு எதிரே உள்ள பகுதி எது? குடியை விடுவது முழு மதில். அடுத்த சம்பள நாளில், காசை வாங்கிய கையோடு மனைவியிடம் கொடுத்துவிட்டுக் கடைத்தெருவுக்குப் போகாமல் வேறு வழியாக வீட்டுக்கு வருவது உங்கள் வீட்டுக்கு எதிரே உள்ள பகுதி. அண்ணனோடு ஒப்புரவாவது முழு மதில். ஞாயிறு பூசை முடிந்து அவர் வெளியே வரும்போது 'அண்ணே, சுகமா இருக்கிறீங்களா?' என்று கேட்பது ஒரு முழம் சுவர்.

லொயோலா இஞ்ஞாசியார் தம் ஆன்மீகப் பயிற்சிகளில் இதற்கு ஒரு எளிய வழி சொல்லியிருக்கிறார். திருத்த விரும்பும் ஒரே ஒரு குறையை எடுத்துக்கொள்ள வேண்டும், பத்தையல்ல. காலையில் எழும்போதே அதை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். நண்பகல் உணவுக்குப் பின்னும் இரவு உணவுக்குப் பின்னும் எத்தனை தடவை விழுந்தோம் என்று பார்த்து, அன்றைய நாளுக்குரிய கோட்டில் அத்தனை புள்ளி வைக்க வேண்டும். நாளோடு நாளையும் வாரத்தோடு வாரத்தையும் ஒப்பிட வேண்டும். போர்வீரராயிருந்தவர் அல்லவா, கணக்கு வைக்கத் தெரிந்தவர்! தோட்டத்தில் செக்றோல் வைக்கும் கணக்கப்பிள்ளைக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஜெர்மனியைச் சேர்ந்த உளவியலாளர் பீட்டர் கொல்விட்சரும் 1990களில் இதற்கு நெருங்கிய ஒன்றை ஆராய்ந்து எழுதினார்: 'செய்வேன்' என்று மட்டும் தீர்மானிப்பவரைவிட, 'இன்ன நேரத்தில், இன்ன இடத்தில், இப்படிச் செய்வேன்' என்று முன்கூட்டியே குறித்துக்கொள்பவர் அதிகமாகச் செய்து முடிக்கிறார். வசதியான நேரம் என்றான் பெலிக்ஸ். அதற்குக் கிழமை இல்லை, மணி இல்லை.

மாத்தளைக்காரருக்கு மிளகு நடுவதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. கொடியை மழையோடு நட வேண்டும். மழை போனபின் நட்டால் காய்ந்துபோகும். அப்புறம் அடுத்த மழை வரை இருக்க வேண்டும். நட்ட கொடி கிளிசிரிடியா மரத்தைப் பற்றி ஏறி நன்றாகக் காய்க்க மூன்று வருடமாவது செல்லும். ஒரு மழையைத் தவறவிட்டவன் ஒரு நாளைத் தவறவிடவில்லை. குழந்தையும் அப்படித்தான். பிறந்து மூன்று மாதத்துக்குள் பதிந்தால் அது ஒரு நடையில் முடியும் வேலை. அதற்குப் பிறகென்றால் காலங்கடந்த பதிவு. சான்றுகள் தேட வேண்டும், சத்தியக்கடதாசி வேண்டும், பல நடை நடக்க வேண்டும். பிறப்புப் பத்திரம் இல்லாவிட்டால் அடையாள அட்டை கிடைப்பது கடினம். சாதாரண தரப் பரீட்சை வரும்போதுதான் வீடு விழித்துக்கொள்கிறது. அன்றைக்குப் பரீட்சை மண்டபத்து வாசலில் கலங்கி நிற்பது தகப்பனல்ல, பிள்ளை.

அப்படி ஒரு பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், இந்த வாரத்தில் ஒரு கிழமையைக் குறித்துக்கொள்ளுங்கள். தோட்டத்துக் கிளாக்கரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தனியே போகப் பயமாயிருந்தால், சிங்களம் தெரிந்த ஒரு பக்கத்து வீட்டுப் பையனைக் கூட்டிக்கொள்ளுங்கள். ஞானஸ்நானச் சான்றிதழ் அங்கே உதவக்கூடிய சான்றுகளில் ஒன்று. அதைப் பங்குத்தந்தையிடம் கேட்டு வாங்கலாம். ஞானஸ்நானம் கொடுத்த திகதி நினைவில்லையே என்று கூச்சப்பட வேண்டாம். அந்த வருடம் மழையா வெயிலா, ஞானப்பெற்றோர் யார் என்று சொல்லுங்கள். அவர் பதிவேட்டை எடுத்துவைத்துப் பக்கம் பக்கமாகத் தேடித் தருவார்.